வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போகும் மதுரைக்காரர்களுக்கு: அங்கேயும் வகுப்பு உண்டு

பருப்புப்பொடி, மாத்திரைச் சீட்டு, காப்பீட்டுத் தாள் எல்லாம் மறக்காமல் எடுத்துவைத்துவிடுகிறோம். அங்கே போய் இறங்கியபின், மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் விடியும்முன் நடை, நடை முடிந்ததும் டீக்கடைப் பேச்சு, மாலையில் கோயில், தமுக்கத்தில் புத்தகத் திருவிழா என்று இருந்தவர்களுக்கு ஆள் நடமாட்டமில்லாத தெரு சீக்கிரமே சலித்துவிடும். அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவை நம்பி வருடம் முழுக்க ஓட்ட முடியாது. போன முதல் மாதத்திலேயே ஒரு வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

அமெரிக்கா என்றால் முதலில் கேட்கவேண்டிய பெயர் ஆஷர் வாழ்நாள் கல்வி நிலையம். 'ஓலி' என்றுதான் சொல்வார்கள். பெர்னார்ட் ஆஷர் அறக்கட்டளையின் நிதியுதவியோடு 2001இல் மெய்ன் மாநிலத்தில் தொடங்கியது. இன்று 120க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. 50 வயது தாண்டியவர்களுக்கானது. தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது, பட்டமும் கிடையாது. வரலாறு, இசை, வானியல், ஓவியம் என்று சில வாரங்களுக்கு நடக்கும். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். பல இடங்களில் உதவித்தொகை உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். விசிட்டர் விசாவில் போகிறவர்கள் கவனிக்க: பட்டத்துக்கான படிப்பில் சேர அந்த விசாவில் இடமில்லை. பொழுதுபோக்கான குறுகிய வகுப்பு என்றால் பரவாயில்லை. எதற்கும் பணம் கட்டும்முன் நிலையத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

பிரிட்டனில் இதுபோன்ற ஏற்பாட்டின் பெயர் யு3ஏ, அதாவது மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம். மூன்றாம் பருவம் என்பது ஓய்வுபெற்ற பிறகான காலம். 1973இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் பிறந்த யோசனை, 1982இல் பிரிட்டனுக்கு வந்தது. துலூஸில் பேராசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். பிரிட்டனிலோ உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள், சம்பளம் இல்லாமல். பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறையில் அல்லது ஊர்ப் பொது மண்டபத்தில் கூடுவார்கள். சந்தாவும் கொஞ்சம்தான். ஆஸ்திரேலியாவிலும் இதே ஏற்பாடு உண்டு.

கனடாவில் நிரந்தரவாசிகளுக்கு அரசின் இலவச ஆங்கில வகுப்பு இருக்கிறது. பெற்றோரும் தாத்தா பாட்டியும் நீண்ட நாள் தங்கத் தரும் சூப்பர் விசாவில் போயிருப்பவர்களுக்கு அது கிடைக்காது. அவர்கள் பக்கத்து நூலகத்தின் ஆங்கிலப் பேச்சுக் குழுவைப் பார்க்கலாம்.

"எனக்கு அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் புரியாதே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் தடை. அதனால் முதல் வகுப்பாக இலக்கியத்தையோ அரசியலையோ எடுக்காதீர்கள். தோட்டக்கலை, பறவை பார்த்தல், உள்ளூர் வரலாற்று நடை என்று கையும் காலும் கண்ணும் வேலை செய்கிற வகுப்பில் பாதி புரிந்தாலே போதும், மீதி தானாக வரும். விவாத வகுப்பு அப்புறம் இருக்கட்டும். ஆனால் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். அங்கே கை தூக்கி, முறை வந்த பிறகுதான் வாய் திறக்கவேண்டும்!

கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். யு3ஏவிலும் பல ஓலிகளிலும் உறுப்பினரே வகுப்பு எடுக்கலாம். கீழடி மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான், அங்கே அகழாய்வு நடந்த இடத்தையும் 2023இல் திறந்த அருங்காட்சியகத்தையும் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைப் பற்றிப் படங்களோடு ஒரு மணி நேரம் பேசினால் அங்கே ஆர்வமாகக் கேட்பார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதையும் சொல்லலாம், கோலத்தைப் போட்டே காட்டலாம். படத்தொகுப்பைப் பேத்தி செய்து தருவாள்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும் அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. அப்பா வகுப்புக்குப் போக, அம்மா அடுப்படியிலும் தொட்டிலடியிலும் நிற்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. டிக்கெட் போடும்முன்பே மகளிடமோ மருமகளிடமோ சொல்லிவிடுங்கள்: "வாரத்தில் ஒரு அரைநாள் எனக்கு வேணும்." போய் இறங்கியபின் கேட்டால் அது குறையாகப் படும், முன்னாலே சொன்னால் ஏற்பாடாகிவிடும்.

அடுத்த தொல்லை கார். வகுப்புகள் பெரும்பாலும் பகலில்தான், பிள்ளைகள் கொண்டுபோய் விட முடியாது. பாடம் பிடிக்கிறதா என்பதற்கு முன்னால், பஸ்ஸில் போக முடியுமா என்று பாருங்கள். கூடப் படிக்கிறவர்கள் ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு. பனிக்காலத்தில் ஜூம் வகுப்பே நல்லது.

ஜூம் வகுப்பை ஊர் திரும்பிய பிறகும் தொடரலாமா என்று கிளம்பும்முன் கேட்டுவையுங்கள். நியூயார்க்கில் காலை 10 மணி வகுப்பு என்றால் அங்கே கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. லண்டன் காலை 10 மணி கோடையில் நமக்குப் பிற்பகல் 2.30, மத்தியானத் தூக்கத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிவைக்கவேண்டியிருக்கும்.