டிக்கெட்டில் உள்ள நேரம் போதாது, ‘செட் டைம்ஸ்’ கேளுங்கள்

வெளிநாட்டில் சின்ன அரங்கில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்குப் போவதாக இருந்தால், அன்று காலையில் அந்த அரங்கின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் போன் போட்டு ‘செட் டைம்ஸ்’ கேளுங்கள். யார் எத்தனை மணிக்கு மேடை ஏறுகிறார்கள், எப்போது முடியும் என்று சொல்லிவிடுவார்கள்.

டிக்கெட்டில் ‘டோர்ஸ் 7’ என்று இருந்தால் அது கதவு திறக்கும் நேரம்தான். முதலில் துணைக் குழு பாடும். நீங்கள் கேட்கப் போனவர் வர எட்டரை, ஒன்பது ஆகிவிடும். ஆனால் முடிக்கும் நேரத்தில் கறாராக இருப்பார்கள். அக்கம்பக்கத்துக்குச் சத்தம் போகக் கூடாது என்று பல இடங்களில் உரிமத்திலேயே கட்டுப்பாடு உண்டு. நம் தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்குப் பாய் விரித்தால் விடிய விடிய நடக்கும்; அந்தக் கணக்கு அங்கே செல்லாது. முடியும் நேரம் தெரிந்தால் கடைசி ரயிலைப் பிடித்துவிடலாம். டாக்சிக்குப் போகிற காசில் இன்னொரு டிக்கெட்டே வாங்கலாம்.

இருக்கை எண் போட்ட கர்நாடக, மேற்கத்திய செவ்வியல் கச்சேரிகளுக்கு இது பொருந்தாது. அவை சொன்ன நேரத்துக்குத் தொடங்கும். தாமதமாகப் போனால் ஒரு உருப்படி முடியும்வரை வெளியே நிற்க வேண்டியிருக்கும். நின்று கேட்கும் அரங்கில் மேடையை ஒட்டி இடம் வேண்டுமென்றாலும் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள்.

அப்புறம், அம்மாவுக்கு வீடியோ காலில் காட்ட ஆசைப்பட்டால், லண்டனில் கோடை இரவு ஒன்பது என்பது பென்னாகரத்தில் அதிகாலை ஒன்றரை. போனில் எடுக்க விடுகிற இடமென்றால் ஒரு பாட்டை மட்டும் பதிவு செய்து அனுப்புங்கள், காலையில் பார்த்துக்கொள்வார்.