ஓவன் உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று வந்த விதம்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் இருப்பது மேசையில் வைக்கிற சின்ன ஓவன். அதில் உருளைக்கிழங்கு வைத்தால் மேல்பக்கம் சுருங்கி, உள்ளே வெறும் அவித்த கிழங்காக வரும். "பிள்ளை, இதுக்கு அடுப்பே போதுமே" என்று மாமி சொல்வார்.

வில்லன் ஈரம்தான். துண்டுகளை நெருக்கி அடுக்கினால் ஆவி வெளியேறாது. கிழங்கு முறுகாமல் அவியும்.

இப்போது பெரிய துண்டுகளாக வெட்டி, உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்ட தண்ணீரில் ஓரம் மெத்தென்று ஆகும் வரை அவிக்கிறேன். சோடா கிழங்கின் மேற்பரப்பை இளக்கிவிடும். வடித்த பிறகு பானையை மூடி நன்றாகக் குலுக்கினால், ஓரமெல்லாம் மா பூசினதுபோலச் சொரசொரப்பாகும். எண்ணெயைப் பிடித்து முறுகுவது அந்தச் சொரசொரப்புத்தான். அப்புறம் ஆவி அடங்க விட வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் நான் ஃபேனுக்குக் கீழே வைத்துவிடுவேன்.

ஓவன் 200 பாகை செல்சியஸ். தட்டை எண்ணெயோடு முதலே சூடாக்கினால், கிழங்கைப் போடும்போதே 'சொய்ங்' என்று சத்தம் கேட்கும். துண்டுகள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாக வைக்கலாம், சோம்பல்படாதீர்கள். பாதியில் ஒருமுறை புரட்டி, 40 நிமிடம் மட்டில் பொன்னிறமானதும் எடுக்கலாம்.

உள்ளி, கறிவேப்பிலை, இடித்த செத்தல் மிளகாய் எல்லாம் கடைசி ஐந்து நிமிடத்துக்கு. முதலிலேயே போட்டால் உள்ளி கருகிக் கசக்கும். கிழங்கும் மாப்பிடிப்பானதாக இருந்தால் நல்லது. வழவழப்பான இனம் இந்த அளவுக்கு முறுகாது. சூட்டோடு பரிமாறுங்கள், மூடி மட்டும் போடாதீர்கள்.