உரிமம் வேண்டாத 5 கிகாஹெர்ட்ஸில் 5ஜி செல்: ஷெட்யூலரை அமைக்கும் முறை

உரிமம் பெற்ற அலைவரிசையில் நேரம் முழுவதும் பேஸ் ஸ்டேஷனுக்கே சொந்தம். எந்த ஸ்லாட் (நேரத் துண்டு) யாருக்கு என்று ஷெட்யூலர் (நேரத்தைப் பங்கிடும் மென்பொருள்) முடிவு செய்துவிட்டால் அது அப்படியே நடக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் அந்த உறுதி கிடையாது. அக்கம்பக்கத்து வைஃபை பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், முறை எப்போது வரும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. 4ஜி எல்டிஇ-யில் இந்த அலைவரிசையைப் பயன்படுத்தும் முறையை, மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 13-ஆம் வெளியீடு எல்ஏஏ என்ற பெயரில் கொண்டுவந்தது. 5ஜி-யில் 16-ஆம் வெளியீட்டின் என்ஆர்-யூ அதைச் செய்கிறது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: முதலில் கேள், பிறகு பேசு.

20 மெகாஹெர்ட்ஸ் அகலம், 30 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியர் (துணை அலை) இடைவெளி கொண்ட ஒரு என்ஆர்-யூ செல்லை வைத்து இங்கே விளக்குகிறோம். இதில் ஒரு ஸ்லாட் 0.5 மில்லிவினாடி, அதன் 14 பகுதிகளில் ஒன்றான சிம்பல் ஏறத்தாழ 35.7 மைக்ரோவினாடி. ஷெட்யூலருக்கு இரண்டு வேலைகள். எந்த நொடியில் சேனல் கிடைத்தாலும் உடனே தொடங்கத் தயாராக இருப்பது ஒன்று. கிடைத்த சேனலை முடிவுவரை இடைவெளி விடாமல் பிடித்துவைப்பது மற்றொன்று. களத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இரண்டாவதைக் கோட்டைவிடுவதால்தான்.

சேனலும் வரம்பும்

இந்தியாவில் 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கை 5150–5350, 5470–5875 மெகாஹெர்ட்ஸ் என மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்தது. அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்பதால் சேவை நடத்தவும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது தனி விஷயம். சக்தி வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 5150–5350-க்கு 200 மில்லிவாட், 5470–5725-க்கு 1 வாட். ரேடார் பகிரும் சேனலானால் அங்கே 60 வினாடி கேட்ட பிறகே அனுப்பத் தொடங்கலாம், வானிலை ரேடார் இருக்கும் 5600–5650-இல் 10 நிமிடம். ரேடார் தென்பட்டால் 10 வினாடிக்குள் விலக வேண்டும், 30 நிமிடம் திரும்பக் கூடாது. மாற்றுச் சேனல் ஒன்றை முன்பே குறித்துவைக்காத செல் அந்த அரைமணி நேரமும் ஊமையாகிவிடும்.

சேனலைத் தேர்ந்தெடுக்கும்போது பேஸ் ஸ்டேஷன் ஆன்டெனாவில் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள். மொபைல்களை, கேட்கும் சிக்னலின் வலுவையும் (ஆர்எஸ்எஸ்ஐ) சேனல் நெரிசல் விகிதத்தையும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். கூரைக்கு மேலே அமைதியாகத் தெரியும் சேனல், கீழே மேசையில் இருக்கும் மொபைலுக்குச் சந்தைக்கடையாக இருக்கலாம்.

அடுத்தது ஆற்றல் வரம்பு, அதாவது எவ்வளவு வலுவான சிக்னல் கேட்டால் சேனலில் ஆள் இருக்கிறது என்று கொள்வது. 20 மெகாஹெர்ட்ஸில் 23 டிபிஎம் (சுமார் 200 மில்லிவாட்) சக்தியுடன் அனுப்பும் செல் −72 டிபிஎம்-க்கு மேல் எது கேட்டாலும் காத்திருக்க வேண்டும். சக்தியை ஒரு டெசிபல் குறைத்தால் வரம்பு ஒரு டெசிபல் உயரும். 20 டிபிஎம்-இல் −69, 13 டிபிஎம்-இல் −62, அதற்கு மேல் உயராது. சிறிய அறைக்குள் வைக்கும் செல்லுக்கு இது பெரிய வசதி. சக்தியைக் குறைத்தால் தூரத்து வைஃபைக்காகத் தயங்கி நிற்பது குறையும், மொத்த வேகம் கூடவும் செய்யலாம். முழுச் சக்தியில் வைத்துவிட்டு “சேனலே கிடைக்கவில்லை” என்று தவிக்கும் இடங்களில் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

முன்னுரிமை வகுப்பு

டவுன்லிங்க்கில் (பேஸ் ஸ்டேஷனிலிருந்து மொபைலுக்கு) தரவின் அவசரத்தைப் பொறுத்து நான்கு வகுப்புகள். ஒவ்வொன்றிலும் முதலில் 16 மைக்ரோவினாடியும் அதோடு சில 9 மைக்ரோவினாடித் துண்டுகளும் சேனல் சும்மா இருக்க வேண்டும். பிறகு தற்செயல் எண் ஒன்றை எடுத்து, 9 மைக்ரோவினாடிக்கு ஒன்று வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் யாராவது பேசினால் எண்ணிக்கை அப்படியே நிற்கும். வகுப்பு 1-இல் காத்திருப்பு 25 மைக்ரோவினாடி, எண் 3-க்குள் (மோதல் வந்தால் 7-க்குள்), பிடித்துவைக்கும் நேரம் 2 மில்லிவினாடி. வகுப்பு 2-இல் 3 மில்லிவினாடி. வகுப்பு 3-இல் காத்திருப்பு 43 மைக்ரோவினாடி, எண் 15-இல் தொடங்கி 63 வரை, நேரம் 8 மில்லிவினாடி. வகுப்பு 4-இல் காத்திருப்பு 79 மைக்ரோவினாடி, எண் 1023 வரை போகும். வேறு தொழில்நுட்பம் எதுவும் அங்கே வராது என்று உறுதியாக இருந்தால் 3-க்கும் 4-க்கும் 10 மில்லிவினாடி கிடைக்கும்.

சாதாரண இணையத் தரவு வகுப்பு 3-இல்தான் போகும். ஆளே இல்லாத சேனலில் கணக்குப் போட்டால் 43 கூட்டல் சராசரியாக 67 மைக்ரோவினாடி, அதாவது 110 மைக்ரோவினாடியில் உள்ளே போய்விடலாம். எண் 63-க்கு ஏறிவிட்டால் அதுவே 330-ஐ நெருங்கும். குரல் அழைப்புக்காக வகுப்பு 1-இல் சேனலைப் பிடித்துவிட்டு, மீதி நேரத்தில் கோப்புத் தரவை ஏற்றலாமா என்றால், குரல் தரவு முழுவதும் போன பிறகு, அந்தத் தரவுக்குத் தேவையான குறைந்தபட்ச நேரத்தைத் தாண்டாமல், எஞ்சிய இடத்தை நிரப்ப மட்டுமே ஏற்றலாம். பர்ஸ்ட்டை (ஒருமுறை சேனலைப் பிடித்துத் தொடர்ந்து அனுப்புவதை) அதற்காக நீட்டக் கூடாது. இந்த விதியை ஷெட்யூலரின் வரிசைத் தேர்விலேயே எழுதிவிடுங்கள்.

பர்ஸ்ட்டின் தொடக்கம்

எண்ணிக்கை பூஜ்ஜியமாகிச் சேனல் கிடைப்பது பெரும்பாலும் ஸ்லாட்டின் நடுவில்தான். அடுத்த ஸ்லாட் எல்லைவரை சும்மா இருந்தால் கிட்டத்தட்ட 500 மைக்ரோவினாடி வீண். வைஃபை 34 அல்லது 43 மைக்ரோவினாடி அமைதி கண்டாலே எண்ணத் தொடங்கிவிடும், ஆகவே அந்த இடைவெளியில் சேனல் கைமாறும். பாதி ஸ்லாட்டிலிருந்தும் தொடங்கும்படி, 7 சிம்பலுக்கு ஒருமுறை மொபைல், தனக்கான ஒதுக்கீட்டுச் செய்தி வரும் கட்டுப்பாட்டுச் சேனலைப் பார்க்குமாறு அமையுங்கள். 2 சிம்பலுக்கு ஒருமுறை என்றும் வைக்கலாம், ஆனால் பேட்டரி தாங்காது. சேனல் கைக்கு வந்த பிறகு ஸ்லாட்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று தேடல் குழுவை (எப்போது பார்ப்பது என்ற அமைப்பை) மாற்றும் வசதி என்ஆர்-யூவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

எல்லைவரை வேண்டுமென்றே காத்திருப்பதும் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் அனுப்புவதற்குச் சற்று முன் மறுபடி 43 மைக்ரோவினாடி (வகுப்பு 3-க்கு) சேனல் சும்மா இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் புதிய எண்ணோடு முதலிலிருந்து.

மென்பொருளில் கவனிக்க: தரவுத் தொகுப்பை 14 சிம்பலுக்கு ஒன்று, 7 சிம்பலுக்கு ஒன்று என இரண்டு வடிவில் முன்பே தயாராக வைத்திருங்கள். சேனல் கிடைக்காவிட்டால் அந்தச் செய்தி உடனே ஷெட்யூலர் இயங்கும் மேக் அடுக்குக்குப் போக வேண்டும். அது போகாத செல்லில், அனுப்பாத தரவை அனுப்பியதாக எண்ணி பயனர்களின் பங்கீட்டுச் சராசரி குலையும், மறுபடி அனுப்பும் வாய்ப்புகளும் வீணாகத் தீரும்.

அப்லிங்க்குக்குத் திரும்பும் இடம்

வகுப்பு 3-இன் 8 மில்லிவினாடி என்றால் 16 ஸ்லாட். முதல் 10 ஸ்லாட் டவுன்லிங்க், 11-ஆவதில் 13 சிம்பல் டவுன்லிங்க், ஒரு சிம்பல் வெற்றிடம், மீதி 5 ஸ்லாட் அப்லிங்க் (மொபைலிலிருந்து பேஸ் ஸ்டேஷனுக்கு) என்று பிரிக்கலாம். அந்த ஒரு சிம்பலில்தான் எல்லாம் இருக்கிறது. 35.7 மைக்ரோவினாடி வெற்றிடத்தை அப்படியே விட்டால் வைஃபை எண்ண ஆரம்பித்துவிடும். அதனால் மொபைல் தன் முதல் சிம்பலின் சைக்ளிக் பிரிஃபிக்ஸை, அதாவது சிம்பலுக்கு முன்னால் வரும் காப்புப் பகுதியை, 10.7 மைக்ரோவினாடி முன்னோக்கி நீட்ட வேண்டும். மிச்சம் சரியாக 25 மைக்ரோவினாடி. அந்த நேரத்தில் மொபைல் ஒரே ஒரு குறுகிய கேட்பு நடத்திவிட்டுப் பேசலாம், தற்செயல் எண் தேவையில்லை. இடைவெளியை 16 மைக்ரோவினாடிக்குள் கொண்டுவந்தால் கேட்காமலேயே பேசலாம், ஆனால் அந்தப் பேச்சு 584 மைக்ரோவினாடியைத் தாண்டக் கூடாது. ஒரு ஸ்லாட் ஒப்புகைக்கு இது தாராளம்.

மொபைல் பேசுவதற்கான அனுமதிச் செய்தியை 9-ஆவது ஸ்லாட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். சாதாரணத் திறன் மொபைலுக்கு அதைப் படித்துத் தரவைத் தயாரிக்க 12 சிம்பல், அதாவது சுமார் 430 மைக்ரோவினாடி வேண்டும். ஒரே செய்தியில் அடுத்தடுத்து 8 அப்லிங்க் ஒதுக்கீடுகள்வரை தரலாம். 8 மில்லிவினாடிக் கணக்கு, பர்ஸ்ட் உண்மையில் தொடங்கிய நொடியிலிருந்து ஓடுகிறது. நடு ஸ்லாட்டில் தொடங்கியிருந்தால் கடைசி ஸ்லாட்டை வெட்ட மறக்காதீர்கள்.

ஒரே ஸ்லாட்டில் பல மொபைல்கள் பேசினால் எல்லோரும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும். ஒன்று 20 மைக்ரோவினாடி முந்தினால் மற்றவை அதையே நெரிசலாகக் கேட்டு வாயடைத்துப்போகும். அவற்றுக்கான ரிசோர்ஸ் பிளாக்குகளை (அலைவரிசைத் துண்டுகளை) அடுத்தடுத்துக் கொடுக்காமல், ஐந்துக்கு ஒன்றாகக் கோத்த 5 இன்டர்லேஸ்களாகப் பிரித்துக் கொடுங்கள். 51 பிளாக்கில் ஒவ்வொன்றுக்கும் 10 அல்லது 11 வரும், இடைவெளி 1.8 மெகாஹெர்ட்ஸ். காரணம் சக்தி அடர்த்தி. மெகாஹெர்ட்ஸுக்கு 10 மில்லிவாட் என்ற வரம்பில் ஒரே பிளாக் 10 மில்லிவாட்டோடு நின்றுவிடும். சிதறிக்கிடக்கும் 10 பிளாக் என்றால் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம். சேனலின் 80 சதவீத அகலத்தை நிரப்ப வேண்டும் என்ற ஐரோப்பிய விதியும் அதிலேயே நிறைவேறிவிடும்.

எண்களைப் படிப்பது

சேனல் பிடித்த விகிதம், காத்திருந்த நேரம், பர்ஸ்ட்டின் முதல் ஸ்லாட்டில் வந்த நேக் (தரவு சரியாக வரவில்லை என்ற பதில்), பிந்தைய ஸ்லாட்களில் வந்த நேக் ஆகிய நான்கையும் தனித்தனியே எண்ணுங்கள். சேனல் எளிதில் கிடைக்கிறது, ஆனால் நேக் எல்லா ஸ்லாட்டிலும் குவிகிறது என்றால், பேஸ் ஸ்டேஷனுக்குக் கேட்காத வைஃபை மொபைல் பக்கத்தில் இருக்கிறது. சக்தியைக் கூட்டிப் பயனில்லை, சேனலை மாற்றுங்கள். நேக் முதல் ஸ்லாட்டில் மட்டும் என்றால் அது ஒரே நேரத்தில் தொடங்கிய இருவரின் மோதல். முதல் ஸ்லாட்டில் ஒரு அக் (சரியாக வந்தது என்ற பதில்) கூட வராதபோது தற்செயல் எண்ணின் மேல்வரம்பு இரட்டிப்பாகும், அதற்குத்தான் அந்த விதி. ஆனால் பல ஷெட்யூலர்கள் அதே நேக்கை வைத்து மாடுலேஷனையும் (ஒரு சிம்பலில் ஏற்றும் தரவின் அளவை) இறக்கிவிடுகின்றன. இது தவறான மருந்து. சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது, வேகம் காரணமில்லாமல் சரியும். முதல் ஸ்லாட்டின் முடிவுகளை மாடுலேஷன் திருத்தத்திலிருந்து விலக்கிவையுங்கள்.

ஒப்புகையே வராமல் போவதும் உண்டு: மொபைலுக்குச் சேனல் கிடைத்திருக்காது. அதை நேக் என்று கொள்ளாமல், அடுத்த பர்ஸ்ட்டில் எல்லா ஹார்க் (பிழையான தரவை மறுபடி அனுப்பித் திருத்தும் முறை) செயல்முறைகளின் நிலையையும் ஒரே தடவையில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, மொபைல் தொடர்ந்து சேனல் கிடைக்காமல் தவிப்பதைக் கண்டறியும் அமைப்பு. இதில் தோல்வி எண்ணிக்கை 4 முதல் 128 வரை, டைமர் 10 முதல் 320 மில்லிவினாடி வரை. ஒவ்வொரு தோல்விக்கும் டைமர் புதிதாகத் தொடங்கும், அது ஓடி முடிந்தால் எண்ணிக்கை பூஜ்ஜியமாகும். அப்லிங்க் வாய்ப்பு 40 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் வரும் செல்லில் டைமரை 20 என்று வைத்தால் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டவே தாண்டாது. மொபைல் செத்த சேனலிலேயே மாட்டிக்கிடக்கும். டைமரை வாய்ப்பு இடைவெளியைப் போல இரு மடங்காவது, இங்கே 80 அல்லது 160 என வையுங்கள், எண்ணிக்கையை 8-இல் தொடங்குங்கள். மாறிப்போக வேறொரு பேண்ட்விட்த் பகுதியையும் தந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மொபைல் நேராக ரேடியோ இணைப்புத் தோல்வியை அறிவித்துவிடும்.