எரிமலையும் நிலத்தடி நீரும்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

எரிமலை வெடித்த பகுதிகளில் நீர் மாதிரி எடுக்கப் புதிதாகப் போகிறவர்களின் அறிக்கைகள் அடிக்கடி என்னிடம் வருகின்றன. ஆள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. பாட்டிலில் தேதி எழுதாததையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

மழைக்குப் பிறகு அள்ளிய சாம்பல்

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். எரிமலைச் சாம்பல் என்பது பொடியாக உடைந்த பாறையும் கண்ணாடியும். வெடிப்பு மேகத்துக்குள் இருக்கும்போதே ஹைட்ரஜன் ஃபுளோரைடு, ஹைட்ரஜன் குளோரைடு, கந்தக டை ஆக்சைடு எல்லாம் அந்தத் துகள்களில் ஒட்டி மெல்லிய உப்புப் படலமாகிவிடும். தண்ணீர் பட்டதும் முதலில் கரைவது அந்தப் படலம், அதற்கு ஒரு நல்ல மழையே போதும்.

ஒரு மாணவரின் அறிக்கையில் 'ஃபுளோரைடு மிகக் குறைவு, கால்நடைகளுக்கு ஆபத்தில்லை' என்று இருந்தது. கூடவே வைத்திருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், சாம்பல் மேலோடு கட்டிப்போய், அதில் மழைத்துளி விழுந்த சின்னச் சின்னக் குழிகள். ஆய்வகத்தில் அளந்ததில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் அளக்க வேண்டிய ஃபுளோரைடு அதற்குள் ஓடைக்கும் ஆழமில்லாத கிணறுகளுக்கும் இறங்கிவிட்டது. இதை நம்பி ஒருவர் மாட்டை அந்தத் தண்ணீரில் விட்டால் என்ன ஆவது? 1783இல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை வெடித்தபோது ஃபுளோரைடு படிந்த புல்லாலும் தீவனம் இல்லாமலும் பெரும்பாலான செம்மறி ஆடுகள் செத்தன. பின்னால் வந்த பஞ்சத்தில் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் இறந்துபோனார்கள்.

மழைக்கு முன், புதிதாக விழுந்த உலர்ந்த சாம்பலை பிளாஸ்டிக் பையில் எடுங்கள். மழை முந்திக்கொண்டதா, சரி, அதையும் அறிக்கையில் எழுதுங்கள். அப்புறம் கிணற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், கரைந்தது ஆழத்துக்குப் போய்ச் சேர மாதங்கள், சில இடங்களில் வருடங்கள்கூட ஆகும்.

மெல்லிய படிவு என்றால் பயமில்லை?

தவறு. தூரம் போவது நுண்ணிய துகள்கள். அவற்றுக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால், எடைக்கு எடை ஃபுளோரைடும் அதிகமாக இருக்கலாம்.

பழைய அளவு தெரியாமல் பழி போடுவது

கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் எந்த வெடிப்பும் இல்லாமலே பல கிணறுகளில் ஃபுளோரைடு உலக சுகாதார நிறுவனத்தின் 1.5 மி.கி./லி. வரம்பைத் தாண்டி நிற்கிறது. அங்கே பாறையே அப்படி. வெடிப்புக்கு முந்தைய பதிவு கையில் இல்லாமல் சாம்பல்மேல் பழி போட முடியாது.

நீர்மட்டத்தை மறப்பது

தண்ணீரின் தரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஜப்பானின் உசு எரிமலை 2000இல் வெடிக்கும் முன்பே சுற்றியிருந்த கிணறுகளில் மட்டம் மாறியது. ஹவாயில் கிலாவியா எரிமலையின் பள்ளம் 2018இல் நீர்மட்டத்துக்கும் கீழே இடிந்து இறங்கியது. 2019இல் அங்கே நிலத்தடி நீர் ஊறிக் குளமானது, 2020 டிசம்பரில் எரிமலைக் குழம்பு வந்து அதை ஆவியாக்கியது.

மரம் பட்டுப்போனால் அமில மழைதானா

கலிஃபோர்னியாவின் மாமத் மலை என்ற எரிமலையில் 1989 நிலநடுக்கங்களுக்குப் பிறகு காடு பட்டுப்போனது, வெடிப்பே நடக்கவில்லை. மண்ணுக்குள் கரியமில வாயு ஏறி வேர்களை மூச்சடைக்க வைத்திருந்தது. மழையைக் குறை சொல்லும் முன் மண்வாயுவை அளந்து பாருங்கள்.