"படிச்சாச்சு மிஸ்": பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மலைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓர் ஊரில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். ஜனவரி பிறந்து திருப்புதல் தேர்வு தொடங்கிவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "படிச்சாச்சு மிஸ்."

போன வருஷம் ஒரு பிள்ளை அறிவியல் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். ஒளிச்சேர்க்கைப் பாடம் முழுக்க மஞ்சள் மை. ஐந்து தடவை படித்தேன் என்றாள். பொய்யில்லை, தாளின் ஓரமெல்லாம் விரல் பட்டுப் பட்டு மெத்தென்று ஆகியிருந்தது. புத்தகத்தை வாங்கி மூடி வைத்துக்கொண்டு, "ஒளி சார்ந்த வினை பசுங்கணிகத்துல எந்த இடத்துல நடக்குது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். "இடது பக்கத்துல, படத்துக்குக் கீழே இருக்கு மிஸ்" என்றாள். வரி இருக்கும் இடம் அவள் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. விடையான கிரானா என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை.

எனக்குத் தெரிந்தவரை பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு இதுதான். சோம்பலால் மார்க் குறைகிறவர்களைவிட, படித்ததையே திரும்பத் திரும்பப் படித்து மார்க் குறைகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நாலாவது தடவை வாசிக்கும்போது பாடம் வழுக்கிக்கொண்டு போகும். பழகிய முகம் மாதிரி இருக்கும், அதைத் தெரிந்துவிட்டது என்று மனசு எடுத்துக்கொள்ளும். தேர்வு அறையில் அந்த முகமே எதிரில் இருக்காது, வெறும் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. 5 நிமிஷம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 நின்றது. முந்தின நாள் ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு பாடத்தை ஒழுங்காக ஒருமுறை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும், நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். அடுத்த தடவை அந்த வேறு நிற வரிகளை மட்டும் பார்த்தால் போதும். முதல் தாள் பாதி காலியாக இருக்கும், அழுகைகூட வரும். பரவாயில்லை. அந்தத் திணறலில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது. வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளைகள் பாட்டியிடம் படுகிலேயே பாடத்தைச் சொல்லிப் பார்க்கிறார்கள். நல்ல வழி. ஆனால் சொன்ன கையோடு தமிழில் ஒருமுறை எழுதியும் பாருங்கள், விடைத்தாளில் கலைச்சொல் வேண்டும்.

கணக்கில் வேறு மாதிரித் தவறு. கூம்பு என்றால் ஒரே மூச்சில் பதினைந்து கூம்புக் கணக்கு, மறுநாள் பதினைந்து கோளம். மூன்றாவது கணக்குக்கு மேல் யோசிக்க வேலையே இல்லை, கை தானாகவே அதே சூத்திரத்தைப் போடும். வினாத்தாளிலோ எந்தச் சூத்திரம் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் இது மாதிரிக் கன அளவுக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் ஒரு வாரம் கழித்து 20 சதவீதமும், கலந்து போட்டவர்கள் 63 சதவீதமும் எடுத்தார்கள். கூம்பு, உருளை, இடைக்கண்டம் எல்லாவற்றையும் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துப் போடுங்கள்.

கடைசி வாரத்தில் மொத்தத்தையும் பிடித்துவிடலாம் என்று நினைப்பதும், அதற்காகத் தூக்கத்தைக் கெடுப்பதும் பழைய கதை. படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளிலேயே நழுவுகிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-லேயே எழுதிவிட்டார். இன்று படித்ததை நாளைக்கு, பிறகு நாலு நாள் கழித்து, பிறகு இரண்டு வாரம் கழித்து எழுதிப் பாருங்கள். மூளை பாடத்தைப் பதித்து வைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ராத்திரி ஒரு மணி வரை விழித்திருந்தால் அதுதான் கெடும்.

இனி நம் மலைக்கே உரிய விஷயம். ஜனவரி ராத்திரியில் கம்பளியைப் போர்த்திப் படுத்துக்கொண்டு படித்தால் பத்து நிமிஷத்தில் கண் சொருகும். ஸ்வெட்டர், குல்லா போட்டுக்கொண்டு, முழங்காலில் மட்டும் கம்பளியைப் போட்டு, உட்கார்ந்து படியுங்கள். ஆனால் குளிருக்காகச் சட்டியில் கரி நெருப்பு அள்ளிக்கொண்டு வந்து அறைக் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படிப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அந்தக் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலை கனக்கும், தூக்கம் வருகிறது என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்க முடியாது. இப்படி உயிர் போன செய்திகள் நீலகிரியிலேயே வந்திருக்கின்றன. பெற்றோர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

டியூஷன் முடிந்து இருட்டில் தோட்டப் பாதையில் தனியாக வருவதும் வேண்டாம். கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரம் அது. அந்த ஒரு மணி நேரப் பாடத்தை வீட்டிலேயே எழுதிப் பார்த்துக்கொள்ளலாம். படிக்கும் அறையில் போன் இருக்க வேண்டாம், சமையற்கட்டில் இருக்கட்டும்.

தேர்வு நாளில் முதல் 10 நிமிஷம் வினாத்தாளைப் படிக்கவென்றே தருகிறார்கள். பல பிள்ளைகள் தெரிந்த கேள்வியைத் தேடுவதிலேயே அதைத் தீர்த்துவிடுகிறார்கள். எந்தக் கேள்வியை விடுவது, எதை முதலில் எழுதுவது என்று அப்போதே முடிவெடுங்கள்.

அந்த மஞ்சள் மைப் பிள்ளையின் அம்மா இலை பறிக்கிறவர். தனக்குப் படிக்கத் தெரியாதே, பிள்ளைக்கு எப்படி உதவுவது என்று என்னிடம் வருத்தப்பட்டார். "படி படின்னு சொல்லாதீங்கக்கா. புத்தகத்தை நீங்க வாங்கி மூடி வெச்சுக்கிட்டு, இப்ப சொல்லுன்னு கேளுங்க" என்றேன். வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டுகிற நேரத்தில், மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் கேட்டார். மகள் எந்த இடத்தில் திக்குகிறாளோ, அந்த இடத்தில் புத்தகத்துக்குள் ஒரு தீக்குச்சியை வைப்பார். மார்ச் மாதம் அவள் புத்தகத்தில் இரண்டே தீக்குச்சிகள் இருந்தன.