இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு பீர் கம்பெனிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னால் வந்தவர்கள் தடுக்கி விழுந்த இடத்திலேயே புதிதாக வருபவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுவை, விலை, போட்டி பற்றியெல்லாம் அவர்களே யோசித்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தனிப் பாட்டில் பிடிவாதம்

எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார்கள், எனக்கு எரிச்சலும் தீரவில்லை. இங்கே பீர் பெரும்பாலும் 650 மில்லி பாட்டிலில்தான் விற்கிறது. காலி பாட்டில் காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து பாட்டில் வியாபாரியின் கிடங்குக்குப் போய், கழுவி நிரப்ப ஆலைக்கே திரும்பும். புதுக் கண்ணாடியைவிட அது மலிவு. அதனால்தான் கையில் நாலு காசு நிற்கிறது.

ஆனால் தலைமை அலுவலகமோ, பெயர் பொறித்த, தனி வடிவப் பச்சைப் பாட்டில்தான் வேண்டும் என்று நிற்கும். அதை வேறு யாரும் நிரப்ப முடியாது. விற்பனையும் ஆரம்பத்தில் சொற்பம். ஊர் ஊராகச் சிதறிய பாட்டிலை யார் பொறுக்கி வைப்பார்கள்?

ஒரு கிடங்கில் பார்த்தேன். பெண்கள் பாட்டில் வாயில் கட்டைவிரலை ஓட்டி, விளிம்பு உடைந்ததை ஒதுக்கி, மற்றதை ரகவாரியாக அடுக்கினார்கள். புதுக் கம்பெனியின் பச்சைப் பாட்டில்கள் மட்டும் உடைசல் குவியலில் கிடந்தன. "ஒரு லோடு சேர்ற வரைக்கும் இதுக்கு எங்க சார் இடம்?" என்றார் கிடங்குக்காரர். அந்தக் கம்பெனி ஒவ்வொரு முறையும் புதுப் பாட்டில் வாங்கியே நிரப்பியது. போதாததற்கு, பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தைச் சரியாகத் தடுக்காது. வெயில் பட்டால், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து பீரில் வாடை வரும்.

பெரிய கம்பெனிகளுக்குத் தனிப் பாட்டில் கட்டுப்படியாகும், அந்த அளவுக்கு விற்கிறார்கள். நீங்கள் பொதுவான பழுப்புப் பாட்டிலில் ஆரம்பியுங்கள். அடையாளத்தை லேபிள் பார்த்துக்கொள்ளும்.

இந்தியா ஒரே சந்தை என்று நினைப்பது

மது மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது, ஜிஎஸ்டிக்குள் வராது. லேபிள் பதிவு, வரி, விலை எல்லாமே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் மொத்தமும் சில்லறையும் டாஸ்மாக் கையில். தெலங்கானாவில் அரசு விலையை ஏற்றவில்லை, பாக்கியும் தரவில்லை என்று 2025 ஜனவரியில் கிங்ஃபிஷர் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீஸே சப்ளையை நிறுத்தியது. பிகாரில் 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்தபோது அங்கே பீர் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆலைக்கு இடம் பார்க்கும் முன் அந்த மாநிலத்தின் கலால் கொள்கையை ஒரு வரிகூட விடாமல் படியுங்கள்.

மைல்டு பீரை மட்டும் நம்புவது

இங்கே அதிகம் விற்பது ஆல்கஹால் கூடுதலான ஸ்ட்ராங்.

டிவி விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவது

சட்டம் விடாது.

தனியாக இறங்க அவசரப்படுவது

நெதர்லாந்து பீர் கம்பெனியான ஹைனெக்கன் 2008-லேயே யுனைடெட் புரூவரீஸில் பங்குதாரராகிவிட்டது. கட்டுப்பாடு அதன் கைக்கு வந்தது 2021-ல். நடுவில் இருந்த வருடங்களில் கிங்ஃபிஷரின் ஆலைகளும் விற்பனை ஆட்களும் அதற்குப் பின்னால் இருந்தார்கள்.