போனில் எந்தப் படத்தை வைப்பது, எதை அழிப்பது?

போனில் இடம் இல்லை என்று வந்தவுடன் கைக்கு வந்ததையெல்லாம் அழிக்காதீர்கள். கலங்கலான படங்களைத்தான் பலரும் முதலில் அழிக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் கொல்லையில் நின்ற பலாமரம் அன்றைக்குத்தான் சாய்ந்தது. அதை யாரும் தனியாகப் படம் எடுத்ததில்லை. தேடித் தேடி ஒன்று கிடைத்தது. அம்மா துணி காயப்போடுகிறார், கை ஆடி முகமே தெரியவில்லை. பின்னால் அந்த மரம், அடியில் இரண்டு காயோடு. இன்றைக்கும் அந்தப் படம் என்னிடம் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் நகல். போனைக் கணினியில் இணைத்து, டிசிஐஎம் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்யுங்கள். கேமராவில் எடுத்தவை அதில்தான் இருக்கும். நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகு அடுத்த வேலை.

2. யோசிக்கவே வேண்டாதவை. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. பலமுறை ஃபார்வர்டு ஆனவையும் 5 எம்பிக்கு மேற்பட்டவையும் அங்கே தனியாக நிற்கும். காலை வணக்கப் பூக்கள், பழைய ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாம் போகட்டும். ரேஷன் கார்டு, பத்திரம் போன்றவற்றின் படங்களை மட்டும் தனி ஆல்பத்தில் போடுங்கள்.

3. ஒரே காட்சியின் கூட்டம். நேரம் பிடிப்பது இதுதான். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சூரிய உதயத்தை 40 படம் எடுத்திருப்பீர்கள். ஆள் இல்லாத சூரியன் ஒன்று போதும். ஆட்கள் உள்ளவற்றை இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள்: இரண்டில் ஒன்றைக் கழித்து, மிஞ்சியதை அடுத்ததோடு வையுங்கள். பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். ஆனால் எல்லோரும் வரிசையாகச் சிரிக்கும் படம்தான் நல்லது என்றில்லை. என் தம்பி மகள் விறைப்பாக நிற்கும் ஆறு படங்களை அழித்தேன். அலை காலைத் தொட்டதும் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கத்துகிறாளே, அதை வைத்துக்கொண்டேன். அவள் குரலே அதில் கேட்கிறது.

4. சந்தேகமானவை. முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். தாத்தாவின் சாய்வு நாற்காலி, தெருமுனைக் கடையின் போர்டு, ஓடு மாற்றாத பழைய வீடு. அடுத்த வருடம் இருக்குமா என்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோனவர்கள் இருக்கும் படம் எப்படி இருந்தாலும் தொடாதீர்கள். முடிவு வரவில்லையா, 'பிறகு' என்று ஓர் ஆல்பம் போட்டு ஒரு மாதம் விடுங்கள்.

5. அழிக்கும்போது கவனம். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பேக்கப் ஆன, அதாவது இணையத்தில் நகல் ஏறிய படத்தை கூகுள் போட்டோஸ் ஆப்பில் அழித்தால் போனிலும் போய்விடும், இணையத்திலும் போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதிலுள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' போதும். 2021 ஜூன் 1 முதல் அதில் ஏற்றும் படங்கள் உங்கள் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில் சேரும். ஜிமெயிலும் டிரைவும் அதே இடத்தைத்தான் பங்குபோடுகின்றன.

அழித்தது உடனே மறையாது. பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். அதற்குள் வீட்டில் இருப்பவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நீங்கள் கழித்த படத்தில் அவர்களுக்கு வேண்டிய ஒருவர் நின்றிருக்கலாம்.